பொய் ஓலையும் மின்னஞ்சலும்



வங்கியின் பெயரைத் தாங்கி, வங்கி அனுப்பாத கடிதங்கள் இக்காலத்தில் நம் வீடுகளை நாடி வருகின்றன. தபாற்காரர் கொண்டுவருவன அல்ல அவை. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் மின்னஞ்சலாக வந்து நிற்பன. “உமது கணக்கு முடக்கப்படவுள்ளது, உடனே உமது கடவுச்சொல்லைப் பதிவு செய்க” என்று அவை கட்டளையிடும். அக்கட்டளைக்குப் பணிந்தவர் தமது வாழ்நாட் சேமிப்பை ஒரு நாழிகைக்குள் இழத்தலும் கூடும். இம்மோசடியை ஆங்கிலத்தில் ‘பிஷிங்’ என்பர். மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லையே எழுத்து மாற்றி இப்பெயரை ஆக்கிக்கொண்டனர். கடனீரேரிக் கரையிலே வாழும் கொழும்புத்துறை மக்களுக்கு இப்பெயரின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரை மீனுக்குத் தெரியும். அதனுள் இருக்கும் தூண்டில் முள் தெரியாது.

இம்மோசடி கணினி யுகத்தின் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். சரித்திரத்தைச் சிறிது புரட்டினால் அவ்வெண்ணம் நிலைபெறாது. பிறர் பெயரால் ஓலை எழுதுதலும், பொய் முத்திரை இடுதலும் எழுத்தைப்போலவே பழைமையானவை. அவற்றைக் கண்டறியும் வழியும் பழைமையானதே. அவ்வழி யாது, இன்று அஃது ஏன் நம் கையினின்றும் நழுவியது, அதனை மீண்டும் எவ்வாறு கைக்கொள்வது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பாடிய பெரியபுராணத்தில் ஓர் ஓலை வழக்கு உண்டு. நம் கோயில்களிலே புராணபடனம் கேட்டு வளர்ந்தோர் அதனை நன்கு அறிவர். புத்தூரிலே சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் திருமணம் நிகழவிருந்த வேளையில், முதிய அந்தணர் ஒருவர் பந்தரின்கண் வந்து, “இவன் எனக்கு வழிவழி அடிமை” என்று வழக்கிட்டார். கையிலே ஓலையும் இருந்தது. சுந்தரர் சினந்து அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையை அடைந்தது. கிழிபட்டது படியோலை என்றும், மூலவோலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் கூறினார்.

அச்சபையார் அடுத்துச் செய்ததை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஓலையை வாசித்த அளவில் அவர்கள் தீர்ப்புக் கூறவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பகத்திலிருந்து வருவித்தனர். இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கினர். எழுத்து ஒத்திருந்தமை கண்ட பின்னரே முதியவரின் வழக்கை ஏற்றனர். முதியவராக வந்தவர் சிவபெருமானே என்பது கதையின் முடிபு. இறைவன் கொணர்ந்த ஓலைக்கும் ஒப்புநோக்குதல் இன்றியமையாததாயிற்று. வழக்கிடுபவர் காட்டும் ஓலை ஒன்று. அவர் கைக்கு எட்டாத காப்பகத்திலிருந்து வந்த ஓலை மற்றொன்று. ஓலை கொணர்ந்தவர் வழியாலன்றி, வேறொரு வழியாலே உண்மையைத் துணிதல் வேண்டும் என்ற நெறி இதன்கண் அமைந்திருக்கின்றது. இந்நெறியே இப்பேச்சின் உயிர்நிலை.

நமது நாட்டை நோக்குவோம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தம் காசுகளில் நந்தியுருவையும் ‘சேது’ என்னும் சொல்லையும் பொறித்தனர். அவர்தம் தலைநகராகிய நல்லூரிலே ‘முத்திரைச் சந்தி’ என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகின்றது. முத்திரை என்பது அரசன் தரும் உறுதிமொழி. எனினும் காசைக் கையேற்ற வணிகர் முத்திரையைக் கண்ட அளவில் அமைந்தாரல்லர், நிறுத்துப் பார்த்தனர், உரைத்தும் பார்த்தனர். முத்திரையைப் போலி செய்தவனால் நிறையையும் மாற்றையும் எளிதிற் போலி செய்தல் இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

காணியுறுதி விடயத்திலும் இவ்வாறே. ‘கள்ள உறுதி’ என்ற சொல் யாழ்ப்பாணத்து வழக்கிலே நன்கு ஊன்றியது. அத்தகைய உறுதிகளால் நேர்ந்த இடர்களை ஒழிக்கும் பொருட்டு, ஆங்கிலேய ஆட்சியினர் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தை இயற்றினர். காணி கைமாறும் உறுதி நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. இன்றும் காணி வாங்குபவர் விற்பவர் நீட்டும் உறுதியோடு அமைவதில்லை. காணிப் பதிவகத்துக்குச் சென்று தோம்பைப் பார்ப்பர். வெண்ணெய்நல்லூர்ச் சபையின் செயலை நம்மூர்க் கமக்காரர் தம்மை அறியாமலே தொடர்ந்து செய்து வருகின்றனர்.

பணம் அனுப்பும் வழக்கத்திலும் இக்காவல் இருந்தது. மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஊழியம் பார்த்த நம் முன்னோர் ஊருக்குக் காசுக்கட்டளை அனுப்பினர். அதனைக் கொண்டுவந்த தபாற்காரர் பெறுபவரை முகமறிந்தவர். அவர் முன்னிலையிலே கையொப்பம் இட்டுப் பணத்தைப் பெற்றனர். பின்னர் வங்கிகள் பெருகின. 1939ஆம் ஆண்டிலே இலங்கை வங்கியும், 1961ஆம் ஆண்டிலே மக்கள் வங்கியும் தோன்றின. கணக்குத் திறப்பவரின் மாதிரிக் கையொப்பத்தை வங்கி வாங்கி வைத்துக்கொண்டது. காசோலை வந்தபோது உத்தியோகத்தர் அவ்வட்டையை எடுத்து இரு கையொப்பங்களையும் ஒப்புநோக்கினார். காப்பகத்து ஓலையின் இடத்தை மாதிரிக் கையொப்பம் பெற்றது.

இதுகாறும் கூறியவற்றுள் ஒரு செய்தி மறைந்து கிடக்கின்றது. சோதித்தவர் வங்கியார், சோதிக்கப்பட்டவர் வாடிக்கையாளர். ‘வங்கி உண்மையான வங்கிதானா’ என்ற ஐயம் எவருக்கும் எழவில்லை. கல்லாற் கட்டிய கட்டடம், காவலாளி, கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்த காசாளர் ஆகிய யாவும் கண்முன் நின்றன. வங்கி மின்னஞ்சல் வழியாகப் பேசத் தொடங்கியதும் இக்காட்சிகள் யாவும் மறைந்தன. இப்பொழுது வங்கியைச் சோதிக்கும் கடமை வாடிக்கையாளர்மீது வந்து விழுந்துள்ளது. நம் தாய்தந்தையருக்கு இல்லாதிருந்த கடமை இது. எவரும் நமக்கு முறையாகக் கற்பியாத கடமையுமாகும்.

மின்னஞ்சலின் அமைப்பிலேயே இவ்விடர்ப்பாட்டுக்கு வித்து உண்டு. 1982ஆம் ஆண்டிலே ஜொனதன் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் மின்னஞ்சல் செல்லும் விதிமுறையை ஏட்டில் வகுத்தார். அக்காலத்தில் அவ்வலையைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் நம்பிய ஆராய்ச்சியாளர்கள். ஆதலின் அனுப்புநர் யார் என்பதைச் சோதிக்கும் முறை அவ்விதியில் இடம்பெறவில்லை. தபாலுறையின் பின்புறத்தில் எவரும் எப்பெயரையும் எழுதலாம் அன்றோ? அதுபோல, மின்னஞ்சலின் ‘அனுப்புநர்’ இடத்திலும் எப்பெயரையும் எழுதுதல் கூடும். இக்குறையை நீக்கும் சோதனை முறைகள் பிற்காலத்தில் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. அவை பொய்யஞ்சல்களுட் பலவற்றைத் தடுக்கின்றன; எல்லாவற்றையும் தடுப்பதில்லை.

அறியாதவர்க்குப் பொய்க் கடிதம் எழுதிப் பணம் பறித்தலும் மின்னஞ்சலோடு பிறந்த தொழில் அன்று. பாரிஸ் நகரத் துப்பறியும் படையின் தலைவராயிருந்த விடொக் என்பவர் 1828ஆம் ஆண்டு வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இதனை விவரித்துள்ளார். சிறையிலிருந்த குற்றவாளிகள் செல்வர்களுக்குக் கடிதம் எழுதுவர். “புரட்சிக்கு அஞ்சி ஓடிய பிரபு ஒருவரின் வேலையாள் நான்; அவர் செல்வத்தை ஓரிடத்தில் மறைத்து வைத்தோம்; அதனை மீட்கச் சிறிது பணம் வேண்டும்” என்பது அக்கடிதங்களின் சாரம். பலருக்கு எழுதினால் சிலராவது மறுமொழி அனுப்புவர் என்ற கணக்கே அவர்தம் மூலதனம். இன்று இலட்சக்கணக்கான மின்னஞ்சல்களை ஒருசேர அனுப்புவோரும் இக்கணக்கையே நம்புகின்றனர். தபாற்செலவு இல்லாமையால் அவர்தம் ஆதாயம் மிகுந்தது.

‘பிஷிங்’ என்ற சொல் 1990களின் நடுவிலே, ‘அமெரிக்கா ஒன்லைன்’ என்னும் இணையச் சேவையைச் சூழ்ந்து எழுந்தது. அந்நிறுவனத்தின் ஊழியர்போல நடித்த சிலர், அதன் உறுப்பினரிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினர். இதற்கெனவே நிரல் ஒன்றையும் ஆக்கிப் பரப்பினர். அதன்பின், “எம் ஊழியர் எவரும் உமது கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார்” என்ற எச்சரிக்கையை அந்நிறுவனம் தன் செய்திப் பெட்டியிலேயே பொறித்து வைத்தது. இன்று உலகெங்குமுள்ள வங்கிகள் திரும்பத் திரும்பக் கூறும் எச்சரிக்கையும் இதுவே. 2001ஆம் ஆண்டிலே பணக்கொடுப்பனவு நிறுவனம் ஒன்றன்மீது இத்தூண்டில் வீசப்பட்டது. அதற்குப் பின்வந்த சில ஆண்டுகளில் வங்கிகளின் இணையத்தளங்களை அச்சொட்டாகப் போலி செய்யும் தொழில் வளர்ந்தது.

தமிழர் வாழும் நிலத்திலே நிகழ்ந்த வழக்கொன்றை இனிக் கூறுவேன். கடலுக்கு அப்பால் உள்ள தூத்துக்குடியில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக் கிளையிலே கணக்கு வைத்திருந்த ஒருவர் வெளிநாட்டில் தொழில் புரிந்துவந்தார். 2007ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில், வங்கியினின்றும் வந்ததுபோன்ற மின்னஞ்சல் ஒன்று அவரை அடைந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தராவிடிற் கணக்கு இல்லாதொழியும் என்று அது கூறிற்று. வழமையான கடிதம் என்று நம்பி அவரும் கொடுத்தார். அவர் கணக்கினின்றும் ஏறத்தாழ 6 இலட்சத்து 46 ஆயிரம் இந்திய ரூபா வேறொரு நிறுவனத்தின் கணக்குக்கு மாறியது. அதன் பெரும்பகுதி மும்பையிலுள்ள கிளையொன்றிலே எடுக்கப்பட்டுவிட்டது.

வாடிக்கையாளரின் கவனக்குறைவே இழப்புக்குக் காரணம் என்று வங்கி வாதிட்டது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வழக்கை விசாரித்த தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பத்துறைச் செயலாளர் அவ்வாதத்தை ஏற்றாரில்லை. தக்க முன்னெச்சரிக்கையை மேற்கொண்டதாக வங்கி நிலைநாட்டவில்லை என்று கண்டு, 12 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா வழங்குமாறு 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஆணையிட்டார். வங்கி மேன்முறையீடு செய்தது, வழக்கு நீண்டது. ஏமாந்தவர்மீதே பழி முழுவதையும் சுமத்துதல் நீதியன்று என்ற கருத்தை அவ்வாணை தெளிவாக்கிற்று. எனினும் நீதி கிடைப்பதற்கு முன்னர் கழிந்த ஆண்டுகளை எண்ணுங்கால், தூண்டிலைத் தொடாதிருத்தலே நலம் என்பதும் தெளிவாகும்.

தனி மனிதர் மட்டுமன்றி, வங்கிகளே இத்தூண்டிலில் அகப்பட்டதுண்டு. அத்தகைய ஒரு நிகழ்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 2015ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வங்காளதேச மத்திய வங்கியின் உத்தியோகத்தருக்கு, வேலை தேடுபவர் எழுதியதுபோன்ற மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றின் வழியே கயவர் உட்புகுந்து ஓராண்டளவு பதுங்கியிருந்தனர். 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், நியூயோர்க்கிலுள்ள அவ்வங்கியின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை எடுப்பதற்கு 35 பொய்க் கட்டளைகள் அனுப்பப்பட்டன. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டை அடைந்தது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஒரு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. அப்பெயரில் ‘பவுண்டேஷன்’ என்று இருக்கவேண்டிய சொல் ‘பண்டேஷன்’ என்று பிழைபட்டிருந்தது. இடைநின்ற டொய்ச்ச வங்கி அப்பிழையைக் கண்டு, கட்டளை உண்மையானதா என்று வங்காளதேச வங்கியையே வினவியது. 2 கோடி டொலர் காப்பாற்றப்பட்டது.

எழுத்துப்பிழை ஒன்று இவ்வளவு பெருஞ்செல்வத்தைக் காத்தது என்று உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. தமிழாசிரியர் சிலர் மகிழ்ந்திருப்பர் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் பிழை ஐயத்தை எழுப்பியதே அன்றி, பணத்தைக் காக்கவில்லை. காத்தது அதன்பின் எழுந்த வினா. கட்டளை வந்த வழியை விடுத்து, அனுப்பியதாகக் கூறப்பட்டவரையே நேராக வினவியமையே பயன் தந்தது. வெண்ணெய்நல்லூர்ச் சபையார் காட்டிய நெறியும் இதுவன்றோ?

இனி, நம் ஊர் நிலையை நினைப்போம். கொழும்புத்துறையிலே ஒரு வீடு. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். ஓய்வூதியம் பெறும் தந்தையும் தாயும் மட்டுமே வீட்டில் உள்ளனர். பிள்ளை அனுப்பும் பணம் வங்கியிலே கிடக்கின்றது; பேரன் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசி மேசையிலே கிடக்கின்றது. அதில் வங்கியின் இலச்சினையோடு ஒரு மின்னஞ்சல் தோன்றுகின்றது. அதனை அவர்கள் எவ்வாறு சோதிப்பது?

முதலாவதாக, கடிதம் எதனைக் கேட்கின்றது என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல், அட்டையின் இரகசிய இலக்கம், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண் ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டால், அக்கடிதம் பொய் என்று உடனே துணியலாம். அவற்றை மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ சொல்லுமாறு உண்மையான வங்கி கேளாது. வீட்டைக் காவல் செய்பவன் நம் பெட்டகத் திறப்பைக் கேட்பதில்லை.

இரண்டாவதாக, கடிதம் அவசரப்படுத்துகின்றதா என்று பார்க்க வேண்டும். “24 மணித்தியாலத்துள்” என்றும், “கணக்கு மூடப்படும்” என்றும், “பரிசு கைநழுவும்” என்றும் கூறுவன யாவும் நம்மைச் சிந்திக்கவிடாது துரத்தும் சொற்கள். கோவலன் வழக்கிலே பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை அவசரமாய் நம்பினான், மதுரை எரிந்தது. அவசரம் மிகுந்தோறும் ஐயமும் மிகுதல் வேண்டும்.

மூன்றாவதாக, முகவரியை நோக்க வேண்டும். திரையிலே தோன்றும் பெயர் ஒன்றாகவும், அதன்பின் உள்ள முகவரி வேறாகவும் இருத்தல் கூடும். இணைய முகவரியிலே முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் நிற்பதே பெயர்ப்பகுதி. புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட அப்பகுதியின் இறுதி உறுப்புகளே உரிமையாளர் யார் என்பதைக் காட்டுவன. தமிழர் பெயரிலே தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் நிற்பதுபோன்றது இது. வங்கியின் பெயர் முன்னே நின்று, முன்பின் அறியாத பெயர் இறுதியில் நின்றால், அஃது அறியாதவருடைய வீடே. ஆங்கிலத்திலே சிறிய ‘ஆர்’, ‘என்’ என்ற இரு எழுத்துகளை நெருக்கி எழுதினால் ‘எம்’ போலத் தோன்றும். ‘எல்’ என்ற எழுத்தும் 1 என்ற எண்ணும் மயக்கந் தரும். பூட்டுச் சின்னத்தைக் கண்டு ஏமாறுதலும் ஆகாது. செல்லும் செய்தியை இடையில் எவரும் படிக்கமாட்டார் என்பதையே பூட்டுக் காட்டும். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதை அது காட்டாது.

எழுத்துப்பிழையைப் பற்றியும் ஒரு சொல். முன்னாளில் பொய்யஞ்சல்கள் பிழை மலிந்தவையாக இருந்தன. அதனால் அவற்றை இனங்காணல் எளிதாயிற்று. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற ஆங்கிலத்தையும், ஓரளவு நல்ல தமிழையும் எழுதித் தருகின்றன. பிழையுள்ள கடிதம் ஐயத்துக்கு உரியது. பிழையற்ற கடிதம் அதனாலேயே நம்பிக்கைக்கு உரியதாகிவிடாது.

இக்குறிகள் யாவற்றையும் முதியோர் நினைவில் வைத்தல் அரிது எனின், ஒன்றை மட்டும் கைக்கொள்ளலாம். வந்த கடிதத்திலுள்ள இணைப்பையும் தொலைபேசி இலக்கத்தையும் தொடாமல், நாம் முன்னரே அறிந்த வழியால் வங்கியை அணுகுதலே அது. அட்டையின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ உள்ள இலக்கத்துக்குப் பேசலாம்; கிளைக்கு நேரே சென்றும் கேட்கலாம். கணக்குப் புத்தகமே நமது காப்பகத்து ஓலை.

தவறிக் கொடுத்துவிட்டால் செய்யவேண்டியது யாது? அக்கணமே வங்கிக்கு அறிவித்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்துவித்தல் வேண்டும். கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். பொலீசில் முறைப்பாடு செய்தல் வேண்டும். கணினி வழிக் குற்றங்களை ஆராய்ந்து உதவும் ‘சேர்ட்’ என்னும் தேசிய நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இயங்குகின்றது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் உண்டு. சட்டமும் நிறுவனமும் இருந்தும், முறைப்பாடு செய்ய முன்வராமற் பலரைத் தடுப்பது நாணமே. “படித்த நான் ஏமாந்தேன் என்று எவ்வாறு சொல்வேன்?” என்று வாளாவிருப்பர். அவர் வாளாவிருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பணம் கைமாறிக் கைமாறித் தொலைவு செல்லும். மத்திய வங்கியொன்றே ஏமாந்த உலகில், தனி மனிதர் ஏமாறுதல் நாணத்துக்கு உரியதன்று. ஏமாந்த தாய்தந்தையரைப் பிள்ளைகள் கடிந்துரைத்தலும் தகாது. கடிந்துரைக்கப்பட்டவர் அடுத்தமுறை வாய் திறவார்.

பாடசாலைகளிலே கடிதம் எழுதும் முறையை நாம் கற்பிக்கின்றோம். அனுப்புநர், பெறுநர், திகதி, விளிப்பு என்று அதன் உறுப்புகளை மாணவர் மனனம் செய்கின்றனர். வந்த கடிதத்தைச் சோதிக்கும் முறையையும் அதனோடு சேர்த்துக் கற்பித்தல் இனி ஆசிரியர் கடன். இன்று மாலை நேயர்கள் தத்தம் வீட்டு முதியோரை அருகழைத்து, வங்கியின் உண்மையான தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்திலே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பாராயின், இப்பேச்சு பயனுடையதாகும்.